பாலமும் பளுவும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சிலம்பும் கம்பனும் வலம்வரும் இம்மேடையில் பாலங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் பொறியியல் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வே எழுத்தர் பணியில் சேர்ந்தவன். ஆயினும் பளு என்பது என் அன்றாடத் தொழிலோடு ஒட்டியது. ஒரு வேகனில் எத்தனை டன் ஏற்றலாம், ஏற்றியது எத்தனை, மிகுந்தது எத்தனை என்ற கணக்கோடு பழகியவன். அதனால்தான் போலும், பள்ளியில் மாதிரிப் பாலம் செய்துவரச் சொன்னதும் நம் குடியிருப்புப் பிள்ளைகள் ஐவர் என்னைத் தேடி வந்தனர். இரயில்வேயில் இருக்கும் மாமாவுக்குப் பாலம் தெரியாமலா இருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற நானும் அவர்களோடு சேர்ந்து படிக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு படித்ததையும், நாங்கள் செய்து பார்த்ததையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நம் ஊர்ப் பாலம்

பாலத்தைப் பற்றிப் பேச நஞ்சன்கூட்டைக் காட்டிலும் தகுந்த ஊர் வேறு ஏது? ஸ்ரீகண்டேசுவரரைத் தரிசிக்க வருவோர், கபிலையாற்றின் குறுக்கே நிற்கும் பழைய பாலத்தையும் பார்த்துவிட்டே செல்கின்றனர். மைசூர் அரசின் தளவாய் தேவராசர் காலத்தில், 1735ஆம் ஆண்டில் கட்டப்பெற்றது அது. நீளம் ஏறத்தாழ 225 மீட்டர். கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு, அடுத்தடுத்துக் கூரிய வளைவுகளாக எழுப்பப்பட்டது. அன்று அதன்மேல் சென்றவை மாட்டு வண்டிகளும், குதிரைகளும், படையும் பரிவாரமும். நீராவி இரயில் உலகில் தோன்றாத காலம் அது.

பின்னர் இரயில் பாதை வந்தது. அப்போது அதே பாலத்தின்மீதே தண்டவாளம் பதித்தார்கள். ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் மீட்டர் பாதை என்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அந்தக் கல் வளைவுகள் நீராவி எஞ்சினையும் டீசல் எஞ்சினையும் சுமந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப் பாதை அமைந்தபோது, பக்கத்திலேயே புதிய பாலம் எழுந்தது. பழையது பாரம்பரியச் சின்னமாகப் போற்றப்படுகிறது.

இந்தப் பாலத்தின் அடியில் ஓடும் நீர், திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு கலந்து, மேட்டூரைக் கடந்து நம் தாயகத்து வயல்களுக்குச் செல்லும் நீர் என்பதை நாம் மறப்பதற்கில்லை. அதுபோலவே, பாலம் கட்டியோரை நன்றியோடு நினைப்பதும் நம் வழக்கம். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே தாமிரபரணியின்மேல், 1843ஆம் ஆண்டு தம் கைப்பொருள் கொண்டு பாலம் அமைத்த சுலோசன முதலியாரின் பெயரை அவ்வூர் மக்கள் இன்றும் சொல்லி வருகிறார்கள்.

பிள்ளைகளுள் ஒரு பெண் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி இது: “மாட்டு வண்டிக்காகக் கட்டிய பாலம் இரயிலை எப்படி, மாமா, தாங்கியது?” நல்ல கேள்வி. அதற்கு விடை கூறும் முன், எங்கள் மாதிரிப் பாலத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த விடை அதனூடேதான் கிடைத்தது.

குச்சியும் பசையும்

பள்ளி விதித்த நிபந்தனைகள் எளியவை. ஐஸ் குச்சியும் மரப்பசையும் தவிர வேறு பொருள் கூடாது; ஆணி கூடாது, கம்பி கூடாது. பாலம் 45 சென்டிமீட்டர் இடைவெளியைக் கடக்க வேண்டும். அதன் எடை 250 கிராமுக்கு மேற்படலாகாது.

குச்சியை ஒட்டத் தொடங்குமுன் இரண்டு சிறு சோதனைகள் செய்தோம். எவரும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு மர அளவுகோலை இரண்டு புத்தக அடுக்குகளின்மேல் பாலம்போல் படுக்கவைத்து நடுவில் விரலால் அழுத்துங்கள், எளிதில் தொய்யும். அதே அளவுகோலை விளிம்பின்மேல் நிமிர்த்தி நிறுத்தி அழுத்துங்கள், அசையாது. மரம் ஒன்றே, எடை ஒன்றே. உயரம் மட்டும் மாறியது. உத்தரத்தின் உயரத்தை இரட்டித்தால் அதன் வலிமை நான்கு மடங்காகும். தச்சர் உத்தரத்தைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைப்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது சோதனை, பாத்திரம் துலக்கும் பஞ்சுத் துண்டின் பக்கவாட்டில் பேனாவால் நேர்க்கோடுகள் வரைந்து, அதை வளைத்துப் பார்ப்பது. மேற்பக்கத்தில் கோடுகள் நெருங்கும், கீழ்ப்பக்கத்தில் விலகும். பாலத்தின்மேல் பளு ஏறும்போது நிகழ்வதும் இதுவே. மேற்பகுதி அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. அமுக்கம், இழுப்பு என்ற இவ்விரண்டும் எங்கெங்கே உள்ளன என்று கண்டுபிடிப்பதே பாலம் கட்டுவோன் கற்க வேண்டிய முதற் பாடம்.

நான்கு பாலங்களின் வரலாறு

முதற் பாலத்தைச் சாளரச் சட்டம்போல் சதுரம் சதுரமாக ஒட்டினார்கள். பார்வைக்கு அழகாகவே இருந்தது. எடை 190 கிராம். இரண்டு நாற்காலிகளுக்கு இடையே அதை வைத்து, நடுவில் ஒரு வாளியைக் கட்டித் தொங்கவிட்டோம். கட்டட வேலைக்கு வந்த எம்-சாண்ட் மணலை ஒவ்வொரு கிலோவாக நிறுத்து வாளியில் இட்டோம். ஒவ்வொரு கிலோவுக்குப் பின்னும் ஒரு நிமிடம் பொறுத்து, பின்புறம் நிறுத்திய அளவுகோலில் பாலம் எத்தனை மில்லிமீட்டர் தொய்ந்தது என்று நோட்டில் குறித்தோம். வாளியின் கீழே பழைய மெத்தை ஒன்று. அருகில் நிற்போர் காலைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கண்டிப்பான விதி.

மூன்றாவது கிலோவில் பாலம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மடிந்தது. வியப்பு என்னவெனில், ஒரு குச்சியும் முறியவில்லை. சதுரங்களெல்லாம் சாய்சதுரங்களாகிப் படுத்துவிட்டன. நான்கு குச்சிகளைச் சதுரமாக இணைத்தால் பக்கங்களின் நீளம் மாறாமலே அதன் உருவம் மாறலாம். மூன்று குச்சிகளை முக்கோணமாக இணைத்தால், ஒரு பக்கம் முறிந்தாலொழிய உருவம் மாறாது. வடிவியல் வகுப்பில் மனப்பாடம் செய்த உண்மையைப் பிள்ளைகள் அன்று கண்ணால் கண்டார்கள். இரயில் பாலங்களின் இரும்புச் சட்டங்களெல்லாம் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கின்றன என்பதும் அப்பொழுதே விளங்கிற்று.

இரண்டாம் பாலத்தில் ஒவ்வொரு சதுரத்திற்கும் ஒரு மூலைவிட்டம் சேர்த்தனர். எடை 210 கிராம். இம்முறை 11 கிலோ வரை தாங்கியது. அதன்பின் மேற்சட்டத்துக் குச்சிகள் வில்லாகப் பக்கவாட்டில் வளைந்து, படீரென்று முறிந்தன. கீழ்ச்சட்டத்துக்கு ஊறு எதுவும் இல்லை. ஏன்? ஒரு குச்சியை இரு முனையிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள்; அறுப்பது அரிது. அதையே இரு முனையிலும் அமுக்கிப் பாருங்கள்; எளிதாக வளைந்துவிடும். அமுக்கத்தில் இருக்கும் மெல்லிய உறுப்பு நசுங்கி அழிவதில்லை, வளைந்து அழிகிறது. இந்தக் கணக்கை 1744ஆம் ஆண்டிலேயே கண்டுரைத்தவர் ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுக் கணித மேதை. பிடிமானமில்லாத நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் அக்குச்சி நான்கு மடங்கு பளுவைத் தாங்கும் என்பது அதன் சாரம். ஆகவே மரம் கூட்டத் தேவையில்லை. இடையிடையே பிடிமானம் கூட்டினாற் போதும்.

மூன்றாம் பாலத்தில் அவ்வாறே செய்தார்கள். இருபக்கச் சட்டங்களின் மேல்முனைகளைக் குறுக்குக் குச்சிகளால் பிணைத்தார்கள். எடை 230 கிராம். தாங்கியது 26 கிலோ. இம்முறை மேற்சட்டம் அசையவில்லை. கீழ்ச்சட்டத்தில் இரு குச்சிகள் சேரும் ஒரு மூட்டு பசை விட்டுப் பிரிந்தது. முறிந்த இடத்தை எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில், அங்கு வந்த டிராக்மேன் ஒருவர் ஒரு சொல் சொன்னார்: “நாங்களும் தண்டவாளத்தில் முதலில் பார்ப்பது மூட்டைத்தான்.” அனுபவ வாக்கு அது! ஒட்டும் பரப்பு சிறிதாயிருந்ததும், எல்லா மூட்டுகளும் ஒரே நேரில் அமைந்ததும், பசை முற்றும் காயும் முன் பளு ஏற்றியதும் குறைகள் என்று பிள்ளைகளே எழுதிக்கொண்டனர். கொத்தனார் செங்கல்லை வரிசை மாற்றி வைப்பதுபோல மூட்டுகளை முன்பின்னாக மாற்றி, நன்றாக மேற்படிய ஒட்டி, ஒரு முழு நாள் காயவிடுவது என்று தீர்மானித்தனர்.

நான்காம் பாலத்தின் எடை 235 கிராம். வாளி நிறைய மணல், 30 கிலோ. பாலம் அசையாமல் நின்றது. பிள்ளைகள் கை தட்டினார்கள். மறுநாள் பள்ளிக் கண்காட்சி.

இங்குதான் ஒரு சிக்கல் எழுந்தது. பாலத்தை அப்படியே பத்திரமாக எடுத்துச் செல்வதா, மேலும் பளு ஏற்றுவதா? அந்தப் பெண்ணின் தாயார், “நன்றாக நிற்கிறதே! இதையும் உடைத்துவிட்டு நாளைக்கு எதைக் கொண்டுபோவாய்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பெண் சற்று யோசித்துவிட்டு, “இது முப்பது கிலோவுக்கு மேல் எவ்வளவு தாங்கும் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன், அம்மா?” என்றாள். ஐவரும் தங்களுக்குள் பேசினார்கள். மளிகைக் கடையிலிருந்து எடைக்கற்களை வாங்கி வந்து ஒவ்வொன்றாக மணலின்மேல் வைத்தார்கள். முப்பத்தெட்டாவது கிலோவில் பாலம் முறிந்தது. தன் எடையைப்போல் ஏறத்தாழ 160 மடங்கு!

மறுநாள் கண்காட்சியில், முறிந்த நான்கு பாலங்களையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னும் எடை, தாங்கிய பளு, முறிந்த இடம், காரணம் என்று எழுதிய அட்டையை நிறுத்தினார்கள். பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். இல்லை. வண்ணம் தீட்டி, விளக்கு எரிய, பொம்மை இரயில் நின்ற தெர்மோகோல் பாலம் ஒன்றுக்கே முதற்பரிசு சென்றது. அதன்மேல் எவரும் ஒரு கிலோவைக்கூட வைத்துப் பார்க்கவில்லை. அதுபற்றி எனக்கு வருத்தம் உண்டு என்பதை மறைப்பானேன்? ஆனால் பிள்ளைகளுக்கு அவ்வளவு வருத்தமில்லை. அவர்களுக்கு வேறொரு வேலை இருந்தது: 160 மடங்கு என்று ஊரெல்லாம் பெருமை பேசுவது!

சிறியதும் பெரியதும்

அந்தப் பெருமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அடுத்த வாரம் கணக்கிட்டுப் பார்த்தோம். இதை முதலில் எடுத்துரைத்தவர் கலிலியோ. 1638ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூலில், சிறிய உருவில் உறுதியாய் நிற்கும் ஒன்று, அதே விகிதத்தில் பெரிதாக்கப்பட்டால் உறுதியாய் நிற்க வேண்டும் என்பதில்லை என்று விளக்கினார்.

எங்கள் பாலத்தை எல்லாப் பக்கமும் 50 மடங்கு பெரிதாக்குவதாகக் கொள்வோம். 45 சென்டிமீட்டர் என்பது இருபத்திரண்டரை மீட்டராகும். குச்சியின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அது 50 பெருக்கல் 50, அதாவது 2,500 மடங்காகும். எடையோ கன அளவைப் பொறுத்தது. அது 50 பெருக்கல் 50 பெருக்கல் 50, அதாவது 1,25,000 மடங்காகும். 38 கிலோ தாங்கியது 95 டன் தாங்கும். 235 கிராம் எடை 29 டன்னுக்கு மேற்படும். நூற்றறுபது மடங்கு என்று மார்தட்டிய பாலம், தன் எடையில் மூன்று மடங்கே தாங்கும் பாலமாகச் சுருங்கிவிடுகிறது. இன்னும் பெரிதாக்கிக்கொண்டே போனால், வண்டி எதுவும் ஏறாமலே தன் பளுவால் தானே விழும்.

ஆகவே மாதிரி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அறிதல் வேண்டும். எந்த உறுப்பு முதலில் தளரும், எவ்விதம் தளரும் என்று அது சொல்லும். பெரிய பாலம் எத்தனை டன் தாங்கும் என்பதைக் கணக்கிட்டே அறிய வேண்டும்.

கல் வளைவின் இரகசியம்

இப்பொழுது நம் ஊர்ப் பாலத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். கலிலியோ கூறிய இந்த விதியின் இடர் அதிகம் தீண்டாத கட்டுமானம் ஒன்று உண்டு. அதுவே கல் வளைவு.

கல், இழுத்தால் பிளக்கும், அமுக்கினால் அசையாது. வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அமுக்கி, அந்த அமுக்கம் படிப்படியாகத் தூணுக்கு இறங்குகிறது. ஒரு சங்கிலியை இரு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்டால், அது தன் எடையால் ஒரு வளைவை அடைகிறது. அவ்வளைவைத் தலைகீழாக்கினால், அதுவே கற்கள் அமுக்கத்தாலேயே நிற்கத்தக்க வடிவம். பதினேழாம் நூற்றாண்டில் இதைக் கண்ட இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர், பிறர் அறியாதபடி எழுத்துகளைக் கலைத்துப் புதிராக அச்சிட்டார். அவர் மறைந்த பின்னரே விடை வெளியாயிற்று.

சாதாரணக் கல் வளைவில் கற்கள் ஏற்கும் அமுக்கம், அவை நொறுங்கக்கூடிய அளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. எனவே அங்கு முதன்மையானது கல்லின் வலிமை அன்று, வளைவின் வடிவமே. வடிவம் சரியாயின், சிறு மாதிரி நின்றால் பெரியதும் நிற்கும். கணித வாய்பாடுகள் இல்லாத காலத்துச் சிற்பிகள் விகிதங்களைக் கொண்டே பெரும் வளைவுகளை எழுப்ப முடிந்தது இதனாலேயே.

இன்னொன்றும் உண்டு. கல் பாலம் தானே மிகக் கனமானது. அதன் கனத்தோடு ஒப்பிட, மேலே செல்லும் வண்டியின் கனம் சிறு பங்கு. மாட்டு வண்டி போய் எஞ்சின் வந்தபோதும், அந்தத் தடித்த வளைவுகளுள் அமுக்கம் செல்லும் வழி அதிகம் மாறவில்லை. கபிலைப் பாலம் இரயிலைத் தாங்கியதற்கு முதன்மையான காரணம் இதுவே. கட்டியவர் இரயிலைக் கனவிலும் கண்டதில்லை. ஆயினும் அவர் சிக்கனம் பாராமல் விட்டுச் சென்ற கனமே பின்வந்தோர்க்கு மூலதனம் ஆயிற்று.

இதையும் பிள்ளைகள் சோதித்துப் பார்த்தார்கள். ஆப்பு வடிவில் அறுத்த மரத்துண்டுகளை ஒரு சாரத்தின்மேல் வளைவாக அடுக்கி, சாரத்தை உருவினார்கள். பசை ஒரு துளியும் இல்லாமல் வளைவு நின்றது. மேலே புத்தகங்களை அடுக்க அடுக்க இன்னும் இறுகியது. ஆனால் ஓரத்து மரக்கட்டையைக் கொஞ்சம் வெளியே தள்ளினதும் முழுவதும் சரிந்தது. வளைவுக்கு உயிர் அதன் கால்களில் இருக்கிறது என்பதை அறிந்தோம்.

முன்னே சோதித்தோரும் பின்னே சோதித்தோரும்

மாதிரியைச் செய்து முறித்துப் பார்ப்பது பிள்ளை விளையாட்டு என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தை அடுத்த வேல்சு நாட்டில் மெனாய் நீரிணையின்மேல் இரயில் பாலம் கட்ட வேண்டியிருந்தது. இராபர்ட் ஸ்டீபன்சன் என்பவர், இரயிலே உள்ளே ஓடும்படியான பெரிய இரும்புக் குழாயாக அதை அமைக்க எண்ணினார். ஒவ்வொரு பெரிய கண்ணும் 460 அடி. அத்தகைய ஒன்றை அதுவரை உலகில் எவரும் கட்டியதில்லை. வில்லியம் பேர்பேர்ன் என்பவர், ஆறில் ஒரு பங்கு அளவில், ஏறத்தாழ 75 அடி நீளத்துக்கு இரும்பு மாதிரி ஒன்று செய்து, அதில் பளுவைத் தொங்கவிட்டு முறித்தார். முறிந்த இடத்தைச் செப்பனிட்டு, அவ்விடத்தை மட்டும் வலுப்படுத்தி, மறுபடி முறித்தார். இவ்வாறு பலமுறை. எடை சிறிதளவே கூட, தாங்கும் பளு இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. எங்கள் பிள்ளைகள் ஐஸ் குச்சியில் செய்ததும் அதே முறைதானே! குழாயைச் சங்கிலிகளால் தாங்கவும் வேண்டும் என்று முதலில் எண்ணி, கோபுரங்களில் அதற்கான துளைகளும் விட்டிருந்தார்கள். சோதனைகளின் பயனாய்ச் சங்கிலி தேவையில்லை என்று தெளிந்தது. துளைகள் வெறுமையாகவே நின்றன. 1850ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலம், 1970ஆம் ஆண்டுத் தீவிபத்து வரை அந்தக் குழாய்களோடு பணியாற்றியது.

இதற்கு எதிரான கதையும் உண்டு. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் கியூபெக் பாலம் கட்டப்பட்டபோது, நடுக்கண்ணின் நீளத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாகக் கூட்டினார்கள். நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடும் அன்றோ? அந்த எடையைக் காலத்தே முறையாகத் திருப்பிக் கணக்கிடவில்லை. அமுக்கத்தில் இருந்த கீழ்ச்சட்ட உறுப்புகள் வளையத் தொடங்கியதைக் கண்டும் வேலை தொடர்ந்தது. 1907 ஆகஸ்டு 29 அன்று பாலம் ஆற்றில் சரிந்து, தொழிலாளர் 75 பேர் மாண்டனர். எங்கள் இரண்டாம் பாலத்தில் 11 கிலோவில் வளைந்த குச்சியும், அங்கே வளைந்த எஃகு உறுப்பும் ஒரே நோயால் மடிந்தவை. அந்த உறுப்பைப் போன்ற சிறிய மாதிரியைச் செய்து சோதித்துப் பார்த்ததும் அங்கு நடந்தது. ஆனால் விபத்துக்குப் பின்னர்!

அயல்நாட்டுக் கதை என்று இதை ஒதுக்கவும் முடியாது. குசராத்து மாநிலத்தின் மோர்பி நகரில் தொங்கு பாலம் ஒன்றைச் செப்பனிட்டு, 2022 அக்டோபர் 26 அன்று மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து, அக்டோபர் 30 மாலை, அது அறுந்து விழுந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 130க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். தாங்கு வடம் ஒன்றில் இருந்த 49 கம்பிகளுள் 22 முன்னரே துருவேறிப் பழுதாகியிருந்தன என்று விசாரணைக் குழு கண்டது. பளு ஏற்றிச் சோதிக்காமலே பாலம் திறக்கப்பட்டது என்பதும் வெளியாயிற்று. பார்வைக்கு அது புதுப்பொலிவோடுதான் இருந்திருக்கும். தெர்மோகோல் பாலத்துக்குப் பரிசு கொடுக்கும் மனமும், வண்ணம் பூசிய பாலத்தைச் சோதிக்காமல் திறக்கும் மனமும் வெகு தொலைவில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

வலியறிதல் என்று ஓர் அதிகாரத்தையே வகுத்தவர் நம் வள்ளுவர். மென்மையான மயிலிறகும் அளவு கடந்தால் வண்டியின் அச்சுக்கு ஆபத்து என்பது அங்கே அவர் காட்டும் உவமை. பளுவின் அளவையும் தாங்குவதன் அளவையும் முன்கூட்டி அறிய வேண்டும் என்று நாம் வெளியார் எவரிடமும் கற்க வேண்டியதில்லை. கற்றதைச் செய்து பார்க்கும் பழக்கமே நமக்கு வேண்டும்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

நம்மில் பலர் பிழைப்பைத் தேடி இங்கு வந்தவர்கள். ஆலை வேலையும் அலுவலக வேலையும் செய்து, பிள்ளைகளை எப்பாடு பட்டேனும் படிக்கவைக்கிறோம். அவர்கள் எதிலும் தோற்றுவிடக் கூடாதே என்ற அச்சம் உள்ளூருக்கு வேரூன்றியவனைவிட நமக்கு மிகுதி. அதனால் பள்ளியில் மாதிரி செய்துவரச் சொன்னால், கடையில் ஆயத்தமாக விற்பதை வாங்கிக் கொடுக்கிறோம். அல்லது இரவு கண் விழித்து நாமே செய்து கொடுக்கிறோம். நோக்கம் நல்லதே. ஆனால் அந்தப் பாலத்தில் பிள்ளைக்குச் சொந்தமானது எது?

நான்கு முறை முறிந்த பாலத்துக்கு ஆன செலவு, ஐஸ் குச்சிக் கட்டுகளும் ஒரு டப்பா பசையும் மட்டுமே. ஆனால் அந்தப் பெண்ணின் நோட்டில் இன்று இருபது பக்கக் குறிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிலோவுக்கும் எத்தனை மில்லிமீட்டர் தொய்வு என்று வரைபடம் இருக்கிறது. முறிவதற்கு முன் தொய்வு திடீரென்று மிகும், அதுவே பாலம் தரும் எச்சரிக்கை என்று அவளே கண்டு எழுதியிருக்கிறாள். இதை எந்த வினா-விடைப் புத்தகமும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. குச்சிப் பாலம் முறியும்போது எவர்க்கும் காயமில்லை. முறிய வேண்டியவை மேசையின்மேலே முறியட்டும். அப்போதுதான் ஆற்றின்மேல் நிற்பவை நிலைத்து நிற்கும்.

ஆதலால் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி உண்டு, பாட்டுப் போட்டி உண்டு, குறள் ஒப்பித்தல் உண்டு. அவற்றோடு பாலம் கட்டும் போட்டி ஒன்றையும் சேர்க்க வேண்டுகிறேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே எண்ணிக்கைக் குச்சி, ஒரே அளவு பசை. மேடையிலேயே எல்லார் முன்னிலையிலும் பளு ஏற்றி முறிப்போம். ஒரு பரிசு, தன் எடையைவிட அதிக மடங்கு தாங்கிய பாலத்துக்கு. மற்றொரு பரிசு, ஏன் முறிந்தது என்பதைத் தெளிவாக, நல்ல தமிழில் எடுத்துரைக்கும் பிள்ளைக்கு. இரண்டாம் பரிசின் தொகை முதலாவதற்குக் குறையாதிருக்கட்டும். மணலும் வாளியும் தராசும் கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.